குழுக் கடன் வேறு, குழுச் சேமிப்பு வேறு
இந்தியாவின் பெண்கள் குழுக்களிடமிருந்து சில பாடங்கள்



இந்த முறை காசைப் பற்றிப் பேசுவோம். சம்பள உயர்வைப் பற்றி அல்ல. அதைத் தொழிற்சங்கங்கள் பேசட்டும். கைக்கு வந்த சம்பளம் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

லயத்து வாசலில் கிழமைக்கு ஒரு நாள் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். மலையில் இருந்து இறங்கிய பெண்கள் கூடையைக் கூட இறக்கி வைக்காமல் கொப்பியோடு வரிசையில் நிற்பார்கள். கேட்டால், "நாங்களும் குழுவுல தான் சேர் இருக்கோம்" என்று பதில் வரும். அந்தச் சொல்தான் என்னை இதை எழுத வைத்தது. ஒரு பெயரை வைத்துக்கொண்டு இரண்டு வேறு சாமான்கள் விற்பனையாகின்றன. ஒன்று, பெண்கள் தாங்களே சேர்த்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கும் குழு. மற்றது, கொம்பனி தன் பணத்தைத் தவறாமல் திரும்ப எடுப்பதற்காக, ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்கும்படி பெண்களைச் சேர்த்துக் கட்டும் குழு. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டிலும் ஐந்தாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். வித்தியாசம் பணம் யாருடையது என்பதில் இருக்கிறது.

இது நம்ம மலைநாட்டுப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரிய குளமும் வயலும் உள்ள இடம். 1958ஆம் ஆண்டும் 1977ஆம் ஆண்டும் நடந்த கலவரங்களுக்குப் பிறகும், எழுபதுகளின் பஞ்சத்திலும், தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன நம்ம ஆட்கள் ஏராளம். கிளிநொச்சியைச் சுற்றிய பல ஊர்களில் அவர்கள் காடு வெட்டிக் குடியேறினார்கள். உங்களில் பலருக்கு அந்தப் பக்கம் சொந்தம் இருக்கும். எனக்கும் அக்கராயனில் இருக்கிறது. 2008இல் யுத்தம் நெருங்கியபோது அந்த ஊர்ச் சனம் எல்லாவற்றையும் விட்டு இடம்பெயர்ந்தது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் கூரை, கிணறு, மாடு, விதைநெல் என்று ஒவ்வொன்றையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. கையில் பணம் இல்லை, அடகு வைக்க நகையும் இல்லை. அந்த நேரத்தில்தான் வடக்கில் கடன் கொம்பனிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளை திறந்தன.

எனது சித்தியின் மகள் அங்கே இருக்கிறார். வயலும் இரண்டு மாடும். மாடு வாங்க ஒரு கொம்பனியில் எடுத்தார். மழை பொய்த்த வருடத்தில் அதைக் கட்ட இன்னொன்றில் எடுத்தார். கடைசியில் ஒரு மாட்டை விற்றுத்தான் மீண்டார். அவர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, நெல்லு வெட்டுறது வருசத்துக்கு ஒருக்கா, தண்ணி இருந்தா ரெண்டு தரம். அவன் வாறது வருசத்துக்கு அம்பத்திரண்டு தரம்."

இதைவிடத் தெளிவாக ஒரு வங்கி மனேஜர் கூட விளக்க முடியாது என்று நினைக்கிறேன். வருமானம் வரும் காலம் வேறு, கடன் கட்டும் காலம் வேறு என்றால், இடையில் உள்ள பள்ளத்தை இன்னொரு கடன் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். நம்ம தோட்டத்திலும் இதேதான். சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை. தவணை கிழமைக்கு ஒரு தடவை. மூன்றாவது கிழமை வரும்போது பலருடைய கையில் ஒன்றும் இருக்காது.

இந்தக் கடன்களால் வடக்கிலும் கிழக்கிலும் வடமத்தியிலும் பெண்கள் பட்ட பாடு பெரிதாகி, 2018இல் அரசாங்கம் தலையிட வேண்டி வந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்து, கட்ட முடியாமல் நின்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முடிவானது. அதே வருடக் கடைசியில், உரிமம் பெற்ற நுண்நிதிக் கொம்பனிகள் வருடத்துக்கு 35 வீதத்துக்கு மேல் வட்டி எடுக்கக் கூடாது என்று மத்திய வங்கி வரம்பு போட்டது. தள்ளுபடி நல்ல காரியம். ஆனால் தள்ளுபடி கிடைத்தவருக்கும் அடுத்த முறை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தியாவைப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே இதை நாற்பது வருடமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். சரியாகவும் செய்திருக்கிறார்கள், பிழையாகவும் செய்திருக்கிறார்கள். இரண்டும் நமக்குப் பிரயோசனம்.

சின்னக் குழு எப்படிப் பிறந்தது

கர்நாடக மாநிலத்தில் மைராடா என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1968இல், திபெத்திலிருந்து வந்த அகதிகளை மைசூர்ப் பக்கம் குடியேற்றுவதற்காகத் தொடங்கியது. பிறகு கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக் கடன் கொடுத்தார்கள். எண்பதுகளின் நடுவில் அந்தச் சங்கங்கள் பல உடைந்தன. நூறு பேர் உள்ள சங்கத்தில் தலைவர் வைத்ததே சட்டம். மற்றவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. அப்போது அங்கத்தவர்கள், "சங்கத்துக்குக் கட்ட மாட்டோம், எங்களுக்குள்ளே நம்பிக்கையான பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம், அப்படிச் சேர்ந்தால் கட்டுவோம்" என்ற நிலைக்கு வந்தார்கள். அந்த உடைந்த துண்டுகள்தான் சுய உதவிக் குழுக்களாக ஆகின. மேலே இருந்து யாரும் திட்டம் போட்டுப் பெற்ற பிள்ளை இல்லை அது.

பிறகு விவசாய, கிராம அபிவிருத்திக்கான இந்தியத் தேசிய வங்கி (நபார்டு என்று சொல்வார்கள்) இதைக் கவனித்தது. 1992இல், 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் பரீட்சார்த்தத் திட்டம் தொடங்கியது. அதில் மூன்று விடயங்கள் புதிது. குழு பதிவு செய்யப்படாவிட்டாலும் வங்கியில் அதன் பெயரில் கணக்குத் திறக்கலாம். ஈடு கேட்கக் கூடாது. குழு முதலில் ஆறு மாதமாவது தானே சேமித்து, தனக்குள் கடன் கொடுத்து வாங்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் வங்கி, அந்தச் சேமிப்பின் அளவில் தொடங்கி நான்கு மடங்கு வரை கடன் தரும். அந்தக் கடனும் தனி ஆளுக்கு இல்லை, குழுவுக்கு. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று குழுதான் தீர்மானிக்கும்.

பாருங்கள், ஒழுங்கு எப்படி இருக்கிறது என்று. முதலில் சேமிப்பு, இரண்டாவது உள்கடன், மூன்றாவதுதான் வெளிப் பணம். லயத்து வாசலுக்கு வருபவர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, முதல் நாளே வெளிப் பணத்தோடு வருகிறார். 500 குழுவில் தொடங்கியது, 2024 அளவில் இந்தியக் கிராமங்களில் ஏறக்குறைய 10 கோடிப் பெண்கள், 90 இலட்சம் குழுக்கள் என்று அந்நாட்டு அரசாங்கக் கணக்கில் வந்திருக்கிறது. இந்த எண்ணிக்கையைப் பார்த்து வாய் பிளக்கத் தேவையில்லை. இத்தனையும் நல்ல குழுக்களா என்றால் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

வீட்டில் ஏழாம், எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாய் 60,000 ரூபா கடன் எடுக்கிறார் என்று வைப்போம். கிழமைக்கு 1,500 ரூபா, 52 கிழமை. மொத்தம் 78,000. "முப்பது வீத வட்டிதான் அக்கா" என்பார்கள். 60,000க்கு 18,000 முப்பது வீதம்தானே, சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் 60,000 ரூபா அந்தத் தாயின் கையில் வருடம் முழுவதும் இல்லை. முதல் கிழமையே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அரை வருடத்தில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. இல்லாத பணத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறார். உண்மையாகக் கையில் இருந்த பணத்துக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி ஐம்பது வீதத்துக்கு மேலே போகிறது.

இப்போது அதே 60,000 ரூபாவைத் தமிழ்நாட்டுக் குழு வழக்கப்படி எடுப்போம். அங்கே பல குழுக்களில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபா வட்டி. மிச்சமுள்ள முதலுக்கு மட்டும். மாதம் 5,000 முதல் கட்டுகிறார். முதல் மாத வட்டி 1,200, அடுத்த மாதம் 1,100, இப்படிக் குறைந்து கடைசி மாதம் 100. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டுங்கள்: 7,800 ரூபா. அந்த 7,800ம் கொழும்புக்குப் போகாது. குழுவின் பெட்டிக்கே வரும். அதில் அந்தத் தாய்க்கும் பங்கு உண்டு.

"சரி சேர், 60,000 எங்கே இருக்கு எங்ககிட்ட?" என்று கேட்பீர்கள். 15 பெண்கள் கிழமைக்கு 100 ரூபா போட்டால் கிழமைக்கு 1,500. வருடத்துக்கு 78,000. மேலே ஒரு தாய் தனியாகக் கொம்பனிக்குக் கட்டிய தொகையும் அதேதான். ஒரு லயத்தில் அப்படி எத்தனை தாய்மார் கட்டுகிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சீட்டுப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவருக்கொருவர் நம்பிக்கை, ஒழுங்காகப் போடும் பழக்கம் எல்லாம் சீட்டிலேயே இருக்கிறது. ஆனால் சீட்டு முடிந்தால் பணம் கலைந்துவிடும். முதலில் எடுத்தவர் தோட்டத்தை விட்டுப் போனால் மிச்சப்பேர் வாயில் மண். அவசரம் வரும்போது உங்கள் முறை வருமா என்பதும் நிச்சயமில்லை. குழுவில் பணம் கலைவதில்லை, சேர்ந்துகொண்டே போகிறது.

கூலிப் பெண்களின் குழுக்கள்

தமிழ்நாட்டில் இது தருமபுரி மாவட்டத்தில் 1989இல் தொடங்கியது. சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு மாநில மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. வானம் பார்த்த பூமி. வேலை தேடி ஆட்கள் வெளியூர் போகும் மாவட்டம். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் பரவி, 1997இலிருந்து மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் எங்கும் போனது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் போன நம்ம உறவினர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் "மகளிர் குழு" என்று சொல்வது இதைத்தான்.

மதுரைப் பக்கத்தில் 1990இல் களஞ்சியம் என்ற பெயரில் இன்னொரு குழு இயக்கம் வளர்ந்தது. அதில் வந்தவர்தான் சின்னப்பிள்ளை. புல்லுச்சேரி என்ற கிராமத்துக் கூலிப் பெண். பள்ளிக்கூடம் போனதில்லை. நடவு, அறுவடைக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய், நிலக்காரரிடம் எல்லோருக்கும் சேர்த்துக் கூலி பேசுவார். அந்தப் பழக்கமே அவரைக் குழுவுக்குத் தலைவியாக்கியது. 1999ஆம் ஆண்டுக்கான ஸ்திரீ சக்தி விருது வாங்கப் போனபோது, அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவருடைய காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. விருதுக்காக இதை எழுதவில்லை. படிக்கவில்லை, கணக்குத் தெரியாது, நமக்கு இதெல்லாம் சரிவராது என்று பின்வாங்கும் அம்மாமார் நம்மிடையே நிறையப் பேர். கணக்கு எழுத எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை போதும். கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசிக்க வைத்துக் கேட்க எல்லோருக்கும் காது இருக்கிறது.

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்துக் கதை வேறு மாதிரி. தூபகுண்டா என்ற ஊரில் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள், குடியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992இல் அது மாவட்டம் முழுக்கப் போராட்டமாகிப் பிறகு மாநிலத்தையே அசைத்தது. அதன் தொடர்ச்சியாக, நாளுக்கு ஒரு ரூபா என்று பெண்கள் சேமிக்கும் பொதுபுலட்சுமித் திட்டம் வந்தது. சாராயத்துக்குப் போகாமல் மிஞ்சிய பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு பெட்டி தயாராக இருந்தது. சம்பள நாள் மாலையில் தவறணைப் பக்கம் போய் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே ஆந்திராவில் பிழைத்துப்போனது

இதைத்தான் கவனமாக வாசிக்க வேண்டும். ஆந்திராவில் பெண்கள் குழுக்கள் நன்றாக வளர்ந்திருந்தன. அதைப் பார்த்துத் தனியார் கடன் கொம்பனிகள் வந்தன. ஒழுங்காகக் கூட்டம் கூடும், ஒழுங்காகக் கட்டும் பெண்கள் ஏற்கனவே தயாராக இருக்கிறார்கள்; வேறு என்ன வேண்டும்? ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு கொம்பனிகள் கொடுத்தன. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். நேற்று வரை தாலியைக் கழற்றிக் கொடுத்து உதவியவர்கள் இன்று வாசலில் நின்று ஏச வேண்டி வந்தது. தற்கொலைகள் நடந்து செய்தியாகின. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது: கொம்பனிகள் பதிய வேண்டும், வீட்டு வாசலில் வசூல் கூடாது, கிழமைத் தவணை கூடாது, மாதத் தவணைதான்.

என் கருத்து என்னவென்றால், அங்கே பெண்கள் கெட்டுப்போகவில்லை, குழு என்ற முறையும் கெட்டுப்போகவில்லை. குழுவின் நம்பிக்கையைக் கொம்பனி தன் ஈடாக எடுத்துக்கொண்டது. நம்ம லயத்திலும் அக்கராயனிலும் நடந்தது இதேதான்.

இன்னொரு விதமான பிழையும் உண்டு. அரசாங்கம் மானியம் தரும் என்று கேள்விப்பட்டு அவசரமாகக் குழு சேர்ப்பது. இந்தியாவில் 1999இல் வந்த ஒரு பெரிய திட்டத்தில் மானியத்துக்காகவே பிறந்து, மானியம் வாங்கியதும் கலைந்த குழுக்கள் நிறைய. பிறகு 2011இல் திட்டத்தை மாற்றி அமைத்தபோது ஐந்து ஒழுங்குகளைக் கட்டாயமாக்கினார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன், காலத்தில் திருப்பிக் கட்டுதல், அன்றன்றைக்கு எழுதிய கொப்பி. இங்கேயும் யாராவது "ஆடு தருவோம், தையல் மெஷின் தருவோம், குழு சேருங்கள்" என்று வந்தால், ஆட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகக் குழு சேர வேண்டாம்.

நம்ம தோட்டத்தில் செய்வதென்றால்

பத்துக்குக் குறையாமல் இருபதுக்கு மேற்படாமல் ஆட்கள். ஒரே லயம், அல்லது ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். ஒருவரை ஒருவர் நீங்களே தெரிந்தெடுங்கள். கங்காணியோ தலைவரோ நானோ பெயர் எழுதித் தரக் கூடாது. சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. "இவளிடம் என் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

சேமிப்பு குழுவிலேயே ஏழையான ஆள் கஷ்டப்படாமல் போடக் கூடிய தொகையாக இருக்கட்டும். பேர் விழாத நாட்கள் உள்ள மாதத்தையும் யோசித்துத் தீர்மானியுங்கள். கிழமைக்கு முடியாவிட்டால் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு மொத்தமாகப் போடுங்கள். கடன் திருப்புவதும் அதே நாளில் இருக்கட்டும். அக்கராயன்காரர் கேட்டால், கொஞ்சம் மாதாமாதம், பெரிய பங்கு அறுவடைக்குப் பிறகு என்று வைக்கச் சொல்வேன். குழு நம்முடையதாக இருப்பதன் முதல் இலாபமே, தவணையை நம்ம வருமானத்துக்கு ஏற்ற மாதிரி வைக்கலாம் என்பதுதான்.

சிலர் என்னிடம், "செக்ரோல்ல வெட்டித் தந்துட்டா லேசு தானே சேர்?" என்கிறார்கள். லேசுதான். ஆனால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். சம்பளத்தில் வெட்டினால் யாரும் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். கூட்டம் இல்லாவிட்டால் யாருக்கு என்ன கஷ்டம் என்று தெரியாது, கொப்பியையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு வருடத்தில் அது இன்னொரு பிடிப்பாக மாறிவிடும். சம்பளத் துண்டில் ஏற்கனவே இருக்கிற பிடிப்புகள் போதும்.

பெட்டி ஒருவர் வீட்டில், திறப்பு இன்னொருவர் வீட்டில், கொப்பி மூன்றாமவர் வீட்டில். ஒவ்வொருவருக்கும் தனிச் சின்னக் கொப்பியும் வேண்டும். கூட்டம் முடியும்போது பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் ஒரே சத்தத்தில் சொல்லிவிட்டு எழும்புங்கள். அடுத்த கூட்டத்தில் திறந்து எண்ணும்போது அதே தொகை இருக்க வேண்டும். தொகை கொஞ்சம் பெருத்ததும் வீட்டில் வைக்காமல் வங்கியிலோ கூட்டுறவுக் கிராமிய வங்கியிலோ போடுங்கள். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி கணக்குத் திறங்கள்.

ஆண்கள் இதை வாசித்துவிட்டுக் கோபப்பட வேண்டாம். பெண்சாதியின் குழுப் பணத்தில் உங்களுக்கும் அவசரத்துக்கு உதவி கிடைக்கும். ஆனால் கேட்பது அவர், கையெழுத்து அவருடையது, கட்டும் பொறுப்பும் அவருடையது. வாங்கிய பணத்தை நீங்கள் தவறணையில் வைத்தால், அவர் பதினைந்து பேர் முன்னால் தலை குனிய வேண்டும்.

ஏற்கனவே இரண்டு மூன்று கொம்பனியில் மாட்டிக்கொண்டவர்கள் "இனி என்ன சேமிப்பு" என்று இருந்துவிட வேண்டாம். முதலில் எல்லாக் கொப்பிகளையும் ஒரே இடத்தில் வைத்து, எதில் எவ்வளவு மிச்சம், எதில் வட்டி கூட என்று ஒரு தாளில் எழுதுங்கள். கொம்பனிக்கு மத்திய வங்கியின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றைக் கட்ட இன்னொன்றில் எடுப்பதை அந்த நாளோடு நிறுத்துங்கள். தமிழ்நாட்டிலும் பல குழுக்களின் முதல் கடன்கள் ஆடு வாங்கவோ கடை போடவோ போகவில்லை. வட்டிக்காரனுக்குக் கொடுக்கவும், அடகில் இருந்த தோட்டை மீட்கவும், ஆஸ்பத்திரிச் செலவுக்கும், அரிசிக்கும்தான் போயின. வட்டி கூடிய கடன் அடைபட்டால், அங்கே போன தவணைக் காசு அப்படியே வீட்டில் நிற்கும். அதுவும் ஒரு வருமானம்தான்.

குழு சேர விரும்புகிறவர்கள் வரும் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைக் காம்பராவுக்கு வாருங்கள். அன்று அது பூட்டிக் கிடக்கும். நான் திறந்து தருகிறேன். கொப்பியும் பேனையும் நான் கொண்டு வருகிறேன். எழுதத் தெரிந்த மகளையோ மருமகளையோ கூட்டி வாருங்கள். பணத்தை என்னிடம் தர வேண்டாம். பெட்டி எப்படிப்பட்டது, யார் வீட்டில் வைப்பது என்பதை உங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிட்டு வாருங்கள்.